தளம் வெள்ளைத் திரையாகிவிட்டது: வேர்ட்பிரஸ் 4.9-லிருந்து 6.6-க்கு எப்படிப் போவது?

பசுந்தேயிலை · கோத்தகிரி · நவ. 10, 2024, ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா 2007 தொடக்கத்தில் ஆரம்பித்த தளம் இது. கோத்தகிரி சுற்றுவட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளுக்கானது. பசுந்தேயிலை விலை, குன்னூர் ஏல நிலவரம், மழை, எந்த ஊருக்கு பஸ் ஓடவில்லை, பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாப் படங்கள் என்று பதினேழு வருடச் சரக்கு உள்ளே கிடக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவில் எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று அவர் தூங்காமல் போட்ட பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். படித்தது பி.காம்., அதனால் தெரிந்தது கொஞ்சம்தான்.

ஹோஸ்டிங்காரர்கள் போன மாதம் மெயில் போட்டிருக்கிறார்கள், தளத்தை ஓட்டும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பை எடுத்துவிட்டு 8.2 போடுகிறோம் என்று. இலை எடுக்கும் மும்முரத்தில் நான் அதைப் படிக்கவில்லை. இன்று காலை தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை. மூடுபனி நாளில் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் நின்ற மாதிரி இருக்கிறது. அட்மின் பக்கமும் வெள்ளைதான். தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸ், இருப்பது அதன் 4.9 பதிப்பு. எங்கே கை வைப்பது?

இரண்டாம் கியர் · நவ. 10, இரவு 10:05

தம்பி, புதிதாக ஒரு தளம் போட்டுவிடு. பழைய சரக்கை யார் படிக்கப்போகிறார்கள்?

பழைய டப்பா · ஊட்டி, இப்போது கோவை · நவ. 10, இரவு 10:50

கியர் சொல்வதைக் கேட்காதே. 2009 பதிவுகளை நானே அப்போது ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு தரம் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் திரை என்பது நோய் அல்ல, வாய் திறக்காத நோயாளி. முதலில் பேச வைக்க வேண்டும். தளத்தின் மூல ஃபோல்டரில் கான்ஃபிக் ஃபைல் இருக்கும். அதில் டீபக் வரியை ஆன் செய், டீபக் லாக் வரியையும் சேர். பிழையைத் திரையில் காட்டும் வரியை மட்டும் ஆஃபில் வை, ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம். பிறகு ஒரு தடவை தளத்தைத் திறந்துவிட்டு, கன்டென்ட் ஃபோல்டருக்குள் புதிதாக வந்திருக்கும் லாக் ஃபைலின் கடைசி வரிகளை இங்கே போடு.

எனக்குத் தோன்றுவது இது. 4.9 வந்தது 2017 நவம்பரில். பிஎச்பி 8.0 வந்தது 2020 நவம்பரில். தனக்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்த பிஎச்பியில் 4.9 எழுந்து நிற்காது. அது கூப்பிடும் சில பழைய ஃபங்ஷன்களை 8-ல் அடியோடு தூக்கிவிட்டார்கள்.

அப்புறம், எதையும் தொடுவதற்கு முன் டேட்டாபேஸ் டம்ப் ஒன்று, அதாவது முழு டேட்டாபேஸின் நகல் ஃபைல், எடுத்து வைத்துக்கொள்.

பசுந்தேயிலை · நவ. 11, திங்கள், காலை 7:15

டம்ப் எடுத்துவிட்டேன் அண்ணா. லாக் பார்த்தேன். முதலில் பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் ஒரு பழைய ப்ளகின் (துணை நிரல்) மேல் புகார், கிரியேட் ஃபங்ஷன் என்பதே இல்லையாம். ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திரும்பத் திறந்தேன். இப்போது வேர்ட்பிரஸ்ஸின் சொந்த ஃபைல் மேலேயே புகார், ஏதோ மேஜிக் கோட்ஸ் என்கிறது.

பழைய டப்பா · நவ. 11, காலை 8:30

நினைத்தது சரி. இரண்டுமே பிஎச்பி 8.0-ல் தூக்கப்பட்டவை. தளத்தில் கோளாறு இல்லை, வரிசையில்தான் கோளாறு. பிஎச்பி முன்னே போய்விட்டது, வேர்ட்பிரஸ் பின்னே நிற்கிறது.

ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டு 7.4-ஐக் கொஞ்ச நாளைக்குத் திரும்ப வாங்கு. 4.9-உம் 6.6-உம் இரண்டுமே ஓடக்கூடிய இடம் அது. அங்கே நின்றுகொண்டு வேர்ட்பிரஸ்ஸை ஏற்று. 4.9-லிருந்து நேராக 6.6 போகலாம், நடுவில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டியதில்லை. அதன் பிறகு ப்ளகின், தீம். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக 8.2.

இரண்டாம் கியர் · நவ. 11, காலை 8:41

ஏறின கியரில்தான் இறங்கணும் என்று மலைப்பாதையில் போர்டு வைத்திருப்பது இதற்குத்தான் போல.

பசுந்தேயிலை · நவ. 11, இரவு 8:20

7.4 மாதக் கடைசி வரைக்கும் தருவதாகச் சொன்னார்கள். தளம் வந்தது, எழுத்தெல்லாம் நன்றாக இருந்தது. மகிழ்ச்சியில் உடனே அப்டேட் பட்டனை அழுத்தினேன். பாதியில் கரன்ட் போய்விட்டது, இங்கே நேற்றிலிருந்து மழை. வந்ததும் பார்த்தால், இன்னொரு அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி விரட்டுகிறது. கோத்தகிரி மின்சாரம் என் தளத்தையும் சேர்த்து அணைத்துவிட்டதா?

பழைய டப்பா · நவ. 11, இரவு 9:10

உன் வீட்டில் கரன்ட் போனால் சர்வருக்கு என்ன? அது எங்கோ குளிர்சாதன அறையில் சுகமாக இருக்கிறது. மலிவுத் திட்டங்களில் ஒரு வேலைக்கு 30 விநாடி என்று வரம்பு வைத்திருப்பார்கள். அநேகமாக அந்த நேரம் தீர்ந்து பாதியில் நின்றிருக்கும். அந்தப் பூட்டு 15 நிமிடத்தில் தானாகத் திறக்கும், ஆனால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடக்கிற ஃபைல்களோடு திரும்ப அழுத்தாதே. கையால் செய்.

6.6 ஜிப்பை இறக்கு. சர்வரில் அட்மின் ஃபோல்டர், இன்க்ளூட்ஸ் ஃபோல்டர் இரண்டையும் அழித்துவிட்டுப் புதியதை வை. வெளியே கிடக்கும் தனி ஃபைல்களின் மேல் புதியதை எழுது. கன்டென்ட் ஃபோல்டரையும் கான்ஃபிக் ஃபைலையும் தொடாதே. தொடாதே என்று இரண்டாவது தடவையும் சொல்கிறேன்.

இன்னொன்று: எஃப்டிபியில் ஒவ்வொரு ஃபைலாக அனுப்பிக்கொண்டிருக்காதே. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள், உங்கள் ஊர் இணைப்பில் விடிந்துவிடும். ஜிப்பை அப்படியே ஏற்றி, கன்ட்ரோல் பேனலின் ஃபைல் மேனேஜரில் பிரித்துக்கொள்.

பசுந்தேயிலை · நவ. 12, செவ்வாய், இரவு 10:30

ஏறிவிட்டது! டேட்டாபேஸை அப்டேட் செய்யவா என்று கேட்டது, சரி என்றேன். அட்மினில் 6.6 என்று வருகிறது.

ஆனால் பதிவுகளில் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. இதே மூன்று மூன்றாகப் பக்கம் முழுக்க ஓடுகிறது. நேற்று இரவு நன்றாக இருந்ததே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கான்ஃபிக் ஃபைலைத் தொட்டேன். பழையது பதினேழு வருடக் குப்பையாக இருந்தது. 6.6 ஜிப்பில் இருந்த மாதிரி ஃபைலை எடுத்து, டேட்டாபேஸ் பெயர், பாஸ்வேர்ட் மட்டும் நிரப்பிப் போட்டேன்.

பூம்பாறை பூண்டு · கொடைக்கானல் · நவ. 12, இரவு 11:02

ஃபான்ட் பிரச்சினை நண்பரே. தமிழ் ஃபான்ட் ஒன்றைத் தீமில் சேர்த்தால் சரியாகிவிடும்.

மழைமானி · குன்னூர் · நவ. 13, புதன், காலை 6:20

ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். இப்படி ஏவும் ஆரும் வராது. தம்பி, இன்று ஒன்றும் செய்யாதே. டேட்டா கெடவில்லை, லேபிள்தான் மாறியிருக்கிறது. தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

பசுந்தேயிலை · நவ. 13, மதியம் 1:45

அக்கா, மன்னிக்கவும், பொறுமை இல்லை. இணையத்தில் தேடினால் இதே பிரச்சினைக்கு ஒரு பைதான் ஸ்கிரிப்ட் கிடைத்தது. டம்ப் ஃபைலைக் கொடுத்தேன், திருத்தித் தந்தது, டேட்டாபேஸில் ஏற்றிவிட்டேன். தமிழ் வந்துவிட்டது! ஆனால் இப்படி வந்திருக்கிறது:

கனனூர லம: பசநதேயிலை விலை

இது "குன்னூர் ஏலம்: பசுந்தேயிலை விலை" என்று இருக்க வேண்டியது. பக்கவாட்டில் இருந்த விட்ஜெட்டுகளும் எல்லாம் மறைந்துவிட்டன. தேயிலை என்ற சொல் மட்டும் எங்கே பார்த்தாலும் சரியாக இருக்கிறது.

இரண்டாம் கியர் · நவ. 13, மதியம் 1:58

ஓலைச்சுவடிக் காலத்துக்கே போய்விட்டாய் தம்பி. அங்கேயும் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓலை கிழியும் என்று.

மழைமானி · நவ. 13, மாலை 5:40

கியர் விளையாட்டாகச் சொன்னாலும் பொருத்தம்தான். போனது புள்ளி மட்டும் இல்லை. உன் வரியை நன்றாகப் பார். புள்ளி போயிருக்கிறது, உகரக் குறி போயிருக்கிறது, "ஏலம்"-இல் ஏ போயிருக்கிறது. தேடிப் பார்த்தால் ஐ என்ற எழுத்தும் இருக்காது. வேறு ஒன்றும் போயிருக்காது. "குன்னூர்" என்பதில் குவின் சுழி போய் னூவின் சுழி தப்பித்தது பார், உகரத்துக்குத்தான் ஆபத்து, ஊகாரத்துக்கு இல்லை. "தேயிலை"-இல் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, அதனால் பிழைத்தது. "மழை"-யும் பிழைத்திருக்கும்.

காரணம் இதுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்தோ குறியோ மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இதைப் பழைய மேற்கத்திய அட்டவணையை வைத்துப் படித்தால் 224 என்பது தலையில் கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். நேற்று நீ பார்த்தது அதைத்தான்.

அந்த அட்டவணையில் ஐந்து இடம் காலி: 129, 141, 143, 144, 157. உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. புள்ளிக்கு 141. ஏ என்றால் 143, ஐ என்றால் 144. 157 வரும் இடத்தில் தமிழில் எழுத்தே இல்லை. உன் ஸ்கிரிப்ட் காலி இடத்தைப் பார்த்ததும், தெரியாததை விட்டுவிடு என்ற கட்டளைப்படி விட்டுவிட்டு நடந்திருக்கிறது. ஐரோப்பிய மொழிக்காரர் யாரோ தன் மொழிக்கு எழுதியது, அவருக்கு அது போதும். நமக்குப் புள்ளி போனால் மொழியே போச்சு.

விட்ஜெட் போனதும் இதனால்தான். வேர்ட்பிரஸ் அவற்றைச் சேமிக்கும்போது ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அது எத்தனை பைட் என்று எண்ணை எழுதிவைக்கும். நீ பைட்டைக் குறைத்துவிட்டாய், எண் பழையதாகவே இருக்கிறது. கணக்கு உதைத்தால் மொத்தமாகத் தூக்கிப்போட்டுவிடும்.

பழைய டப்பா · நவ. 13, மாலை 6:15

மூல காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007 மே மாதம் வந்த 2.2-லிருந்துதான் வேர்ட்பிரஸ் கான்ஃபிக்கில் டேட்டாபேஸ் கேரக்டர் செட் என்ற வரி உண்டு. உன் சித்தப்பா அதற்கு முன் தொடங்கியவர், அந்த வரியே இல்லாத கான்ஃபிக். அதனால் டேட்டாபேஸ் அந்தக் காலத்து இயல்பான லேட்டின்1 (மழைமானி சொன்ன அந்த மேற்கத்திய அட்டவணை) என்ற பெட்டியில் தமிழைப் போட்டு வைத்தது. போடும்போதும் தவறான பெட்டி, எடுக்கும்போதும் அதே தவறான பெட்டி, இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பதினேழு வருடம் சரியாகத் தெரிந்தது. நீ புது மாதிரி ஃபைலைப் போட்டாய், எடுக்கிற பெட்டி மட்டும் சரியாகிவிட்டது. தவறு வெளியே வந்தது.

நேற்று அந்த ஒரு வரியில் லேட்டின்1 என்று எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. போகட்டும். திருத்தாத டம்ப் இருக்கிறதல்லவா?

பசுந்தேயிலை · நவ. 13, மாலை 6:40

ஸ்கிரிப்ட் அதே ஃபைலின் மேல் எழுதிவிட்டது அண்ணா. வேறு பிரதி இல்லை. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பூம்பாறை பூண்டு · நவ. 13, இரவு 7:30

போன புள்ளியைத் திரும்ப வைக்க ஒரு நிரல் எழுதிவிடலாமே? ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி. "கோததகிரி" என்றால் கோத்தகிரி.

மழைமானி · நவ. 13, இரவு 8:05

ஊர்ப் பெயருக்குச் சரி. "கல" என்று இருந்தால் கல்லா, கலவா? "பல" என்றால் பல்லா, புல்லா? விலைப் பட்டியலிலும் மண்சரிவுச் செய்தியிலும் ஊகம் செய்து எழுதக் கூடாது. எந்த வழி "அடைபடட" என்பது ஊகிக்கிற விஷயம் இல்லை.

பழைய டப்பா · நவ. 13, இரவு 8:20

ஹோஸ்டிங்காரர்களிடம் பேக்கப் கேள். காசு கேட்டாலும் கொடு. இதற்கிடையில் 6.7 வந்திருக்கிறது என்று அட்மினில் மணி அடிக்கும். அந்தப் பக்கமே போகாதே.

பசுந்தேயிலை · நவ. 14, வியாழன், மதியம் 12:10

கிடைத்தது! எங்கள் திட்டத்தில் மாதம் ஒரு பேக்கப்தானாம், 1-ம் தேதி எடுத்தது. தனி டேட்டாபேஸாக ஏற்றித் தந்தார்கள். கான்ஃபிக்கில் லேட்டின்1 போட்டேன். புள்ளி, சுழி, ஏ, ஐ எல்லாம் இருக்கிறது, விட்ஜெட்டும் வந்துவிட்டது. முதலில் 2009 நவம்பரைத்தான் திறந்து பார்த்தேன். 1-ம் தேதி நிலவரம் என்பதால் டேட்டாபேஸை அப்டேட் செய்யவா என்று மறுபடி கேட்டது, செய்துவிட்டேன்.

2-ம் தேதியிலிருந்து 9-ம் தேதி வரை போட்ட பதிவுகள்தான் இதில் இல்லை. அவை புள்ளி போன டேட்டாபேஸில் இருக்கின்றன. விலையை வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்புவோம், எடுத்துவிடலாம். ஆனால் எந்தத் தலைப்பில் எத்தனை பதிவு போட்டோம் என்பதே நினைவில்லை.

மழைமானி · நவ. 14, மதியம் 1:00

கெட்டுப்போன டேட்டாபேஸை அழித்துவிடாதே. அதில் பதிவின் முகவரிப் பகுதி இருக்கும் பத்தியை (டேபிளின் நெடுவரிசையை) பார், விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஓடும். வேர்ட்பிரஸ் தமிழ் முகவரியை அப்படிக் குறியீடாக்கித்தான் வைக்கும், எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். ஸ்கிரிப்ட் அதைத் தொட்டிருக்காது. அதைத் திருப்பிப் படித்தால் புள்ளியோடு தலைப்பு கிடைக்கும். அந்தப் பத்தியின் வரம்பு 200 எழுத்து, ஒரு தமிழ் எழுத்துக்கோ குறிக்கோ 9 ஆகும், ஆக 22 வரைக்கும் வரும். உங்கள் தலைப்புகள் சின்னவைதான்.

பசுந்தேயிலை · நவ. 14, மதியம் 2:25

அக்கா, வருகிறது! பதினொரு பதிவு. பசுந்தேயிலை விலை, புள்ளி வைத்து.

பழைய டப்பா · நவ. 14, இரவு 9:00

நல்லது. லேட்டின்1 என்று எழுதி ஓட்டுவது ஓட்டை வாளிக்குச் சோப்பு வைத்து அடைப்பது மாதிரி. ஒழுங்காக மாற்றிவிடு. முதலில் டம்ப் எடு, பெயரில் தேதி போடு, கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. பிறகு டேட்டாபேஸின் நகலில் மட்டும் வேலை செய்.

டேபிளை நேராக யூடிஎஃப்8எம்பி4-க்கு (யூடிஎஃப்-8-க்கு மைஎஸ்கியூஎல்லில் உள்ள பெயர்) மாற்று என்று சொன்னால், டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் அந்த ஏவையும் ஆரையும் நிஜமான எழுத்து என்று நம்பி, குப்பையைப் பத்திரமாக மொழிபெயர்த்து வைத்துவிடும். அதனால் நடுவில் ஒரு படி வேண்டும். ஒவ்வொரு எழுத்துப் பத்தியையும் முதலில் பைனரியாக்கு: டெக்ஸ்ட் என்றால் பிளாப், வார்ச்சார் என்றால் வார்பைனரி. அப்போது அது எந்த மொழி என்பதையே மறந்துவிடும், பைட் மட்டும் மிஞ்சும். அடுத்து அதே பத்தியை யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்டாக்கு. பைட் மாறாது, லேபிள் மட்டும் சரியாகும். பதிவுகள், பதிவு மெட்டா, பின்னூட்டங்கள், ஆப்ஷன்ஸ், வகைப்பெயர்கள், பயனர் பெயர்கள், ஒன்றையும் விடாதே. கடைசியில் கான்ஃபிக்கில் அந்த வரியை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்று.

சோதிக்க ஒரே சொல் போதும், குன்னூர். புள்ளியும் உகரமும் அதிலேயே இருக்கின்றன. ஏலம், ஐந்து இரண்டையும் சேர்த்துக்கொள்.

பூம்பாறை பூண்டு · நவ. 15, வெள்ளி, காலை 10:15

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தங்கும் விடுதியின் தளம் ட்ரூபல் 7, வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு மென்பொருள். மே மாதம் கொடைக்கானல் வர இ-பாஸ் வந்ததிலிருந்து அந்த இணைப்பைக் கேட்டே பாதி பேர் உள்ளே வருகிறார்கள். இதை 10-க்கு ஏற்ற இதே மாதிரி ஃபோல்டர் மாற்றினால் போதுமா?

பழைய டப்பா · நவ. 15, காலை 10:40

போதாது. 7-லிருந்து 10 என்பது வீட்டுக்கு வெள்ளையடிப்பது அல்ல, வேறு வீட்டுக்குக் குடிபோவது. புதிதாக 10 நிறுவி, மைக்ரேட் கருவி மூலம் பதிவுகளை நகர்த்த வேண்டும், தீம் புதிதாகச் செய்ய வேண்டும். 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிகிறது. பத்துப் பக்கத் தளம் என்றால் கையால் எடுத்து வைப்பதே சுலபம். தனி இழை போடுங்கள், பேசலாம்.

பசுந்தேயிலை · நவ. 16, சனி, இரவு 8:50

முடிந்தது. பைனரி வழியாக எல்லாப் பத்தியையும் மாற்றினேன். ஆப்ஷன்ஸ் டேபிளை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் முழித்தேன், தளத்தின் பெயர் மட்டும் ஏவும் ஆருமாக நின்றது. பார்வையாளர் எண்ணிக்கை ப்ளகினை அழித்துவிட்டேன். பழைய தீம் 8.2-ல் நிற்கவில்லை, வேர்ட்பிரஸ்ஸோடு வரும் ஒன்றைப் போட்டிருக்கிறேன். இன்று மாலை 8.2-க்கு மாறினேன், லாக் ஃபைல் காலியாக இருக்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். புள்ளி போன கதையைக் கேட்டுச் சிரித்தார். கோபம் வந்தது எழுதும் பெட்டியைப் பார்த்துத்தான். "நான் விலை எழுத வேண்டும், இது எதற்கு என்னிடம் கட்டம் கட்டமாகக் கேட்கிறது?" என்றார். கிளாசிக் எடிட்டர் ப்ளகினைப் போட்டுக் கொடுத்தேன், உடனே உட்கார்ந்து இன்றைய விலையை எழுதிவிட்டார்.

விட்டுப்போன பதினொன்றில் ஏழு பதிவுகளைத் தட்டச்சு செய்து முடித்தேன், பழைய தேதியிலேயே போட்டிருக்கிறேன். மீதி நான்கும் நாளைக்கு, கரன்ட் இருந்தால்.

இரண்டாம் கியர் · நவ. 16, இரவு 9:04

உன் வீட்டுக் கரன்ட்டா, சர்வர் கரன்ட்டா?